தீராத எண்ணெய்

செப்டம்பர் 21, ஞாயிறு

கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிற போட்டோக்களை எல்லாம் இறக்கித் துடைத்தேன். ஆயுதபூசைக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் என்று யார் வந்தாலும் முதலில் அவர்கள் கண் போவது அந்தச் சுவருக்குத்தான். போகட்டும் என்றுதான் மாட்டியே வைத்திருக்கிறேன்.

என்னை அம்மாயி என்று கூப்பிடுகிற மகள் வயிற்றுப் பேரன் ரகுநந்தன் ஆடிட்டர். கோயமுத்தூரில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ். அவன் தங்கை சுவாதி பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள். இப்போது பல்லடத்தில் பெரிய கோழிப்பண்ணைக் குடும்பத்துக்கு மருமகள். கல்யாணப் புடவையில் ராசாத்தி மாதிரி நிற்கிறாள். சின்ன மகன் பையன் தீபன் எறிபந்தில் மாநிலம் வரைக்கும் போய்க் கோப்பை வாங்கி வந்தவன். கோப்பை அவன் இடுப்பு உயரம் இருக்கும்.

கடைசியில் என் சிந்துஜா. பெரிய மகன் சிவராசுவின் ஒரே மகள், இந்த வீட்டிலேயே என் முந்தானையைப் பிடித்து வளர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே முதல். சென்னையில் பெரிய பல்கலைக்கழகத்தில் கட்டடம் வரைகிற படிப்பு, முதல் வருசம். எங்கள் சனத்தில் கட்டடம் கட்டினவர்கள் உண்டு. கட்டுவதற்கு முன்னாலேயே அதைக் காகிதத்தில் காட்டப்போகிறவள் இவள் ஒருத்திதான். ஆனால் சுவரில் இருப்பது இரட்டைச் சடை போட்ட பள்ளிக்கூடப் போட்டோ. புதுசு வேண்டும். பல்கலைக்கழக வாசலில் நின்று, சடை முன்னால் தெரிய எடுத்தது வேண்டும். போனில் வருவதெல்லாம் எனக்குப் போட்டோ இல்லை. கழுவித் தபாலில் வந்தால்தான் போட்டோ.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இருந்தாலும் எண்ணெய் மில்காரர் வருசா வருசம் சிவராசுவுக்குத் தருகிற டைரி என்னிடம்தான் வந்து சேரும். வேறு யார் எழுதுகிறார்கள் இந்த வீட்டில்?

செப்டம்பர் 28, ஞாயிறு

சிந்து வந்துவிட்டாள். கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. ஹாஸ்டல் சோறு.

மத்தியானம் களத்தில் பருப்பைப் புரட்டிப் போட ஆள் வந்தது. தேங்காய்ப் பருப்பு நன்றாகக் காய்ந்திருக்கிறது, ஒடித்தால் சத்தம் வருகிறது. நிழலில் உட்கார்ந்து அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்தேன். அவிழ்த்துவிட்டால் உட்கார்ந்த இடத்தில் தரையைத் தொடுகிற முடி. எல்லாம் எங்கள் களத்துப் பருப்பு எண்ணெயில் வளர்ந்தது.

"அப்பத்தா, நான் ஹாஸ்டல உட்டு வெளிய வந்தர்லாம்னு இருக்கறனுங்."

சீப்பு நின்றுவிட்டது.

"வெளியன்னா?"

"காலேசுக்குப் பக்கத்துலயே ஒரு வீடு பாத்திருக்கறமுங். நானு, நிஷா, இன்னொரு புள்ளை. மூணு பேரும் சேந்து எடுத்துக்கலாம்னு."

நிஷா என்பது நாகப்பட்டினத்துப் பெண், இவளோடு படிப்பவள்.

"ஹாஸ்டலுக்கு என்ன கேடு வந்துச்சு?"

"வரையறதுக்கு எடம் பத்தறதில்லீங். வரையற காயிதம் ஒவ்வொண்ணும் கதவு அகலம் இருக்குமுங்."

"தரைல போட்டு வரையறது."

 அவள் கழுத்து இறுகியது. எண்ணெய்க் கையில் அது எனக்குத் தெரிந்தது. வலது கை நடுவிரலில் காய்ப்பு ஏறியிருந்தது. அதைப் பிடித்துப் பார்த்து, "ஏஞ்சாமி, ஊருக்கெல்லாம் சேத்தி நீயே வரையறயா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். திடுக்கென்று திரும்பிப் பார்த்தாள். நான் ஏதோ திருட்டைக் கண்டுபிடித்த மாதிரி.

செப்டம்பர் 30, செவ்வாய்

நேற்றுத் தூக்கம் பிடிக்கவில்லை. வயசுப் பெண்கள் மூன்று பேர், தனி வீடு, பெரிய பட்டணம். பால்காரன் வருவான், தண்ணீர் கேன் போடுகிறவன் வருவான், கரண்டுக்காரன் என்று சொல்லிக்கொண்டு எவனோ வருவான். டிவியைத் திறந்தால் இந்தக் கதைதான். அவள் குளித்துவிட்டு வெளியே துணி காயப்போடுவதை எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருத்தன் பார்ப்பான். அவன் முகம்கூட எனக்குத் தெரிந்துவிட்டது, மீசையோடு.

காலையில் சிவராசு டீ குடிக்கும்போது பேச்சை எடுத்தான். மருமகள் கோகிலாவுக்கு மகள் பக்கம் மனசு.

"மூணு புள்ளைங்க ஒண்ணா இருந்தா என்னங்கத்தை? வீட்டுக்காரம்மா கீழயே இருக்கறாங்களாம்."

"காவல் யாரு கோகிலா? ஹாஸ்டல்ல மதில் இருக்குது. மதில் மேல கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்குது, நானே பாத்தேன் சேக்கப் போனப்ப. கேட்டுல காவல்காரரு. உள்ள வார்டன்."

"மதிலு வெளிய இருக்கறவங்களுக்குத்தானுங் அப்பத்தா" என்றாள் சிந்து.

வாய் நீண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சிவராசு டம்ளரை வைத்தான். "அம்மா சொல்றதுதான். அவங்களைக் கேட்டுக்க." அவன் எழுந்து களத்துக்குப் போய்விட்டான். முடிவை என் தலையில் கட்டிவிட்டுப் போவது அவன் வழக்கம். பேத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்" என்றேன்.

எங்கள் வீட்டில் கல்யாணமானாலும் தண்ணீருக்குப் போர் போடுவதானாலும் செல்லாண்டியம்மன் கோயிலில் பூக் கேட்காமல் செய்ததில்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. ஆத்தா காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. அதற்கு மேல் பேச்சில்லை.

சிந்து "சரிங்" என்றாள். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு ஆத்தா மேல் நம்பிக்கை உண்டு.

அக்டோபர் 2, வியாழன்

கோயிலுக்குப் போனோம். பூக்காரம்மா வெள்ளையும் சிவப்பும் தனித்தனியாகக் கொடுத்தாள். வெள்ளை நல்ல புதுப்பூவாகத்தான் இருந்தது.

பொட்டலம் கட்டுவது வீட்டில் பெரியவர்கள் வேலை. கோயிலுக்குப் பின்னால் தனியாகப் போய் உட்கார்ந்து வாழை இலையில் மடித்து நார் போட்டுக் கட்டினேன். வெள்ளைப் பூவை என்ன செய்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

பூசாரி பேத்தி, பாவாடை தடுக்கத் தடுக்க ஓடி வந்து ஒன்றை எடுத்தாள். பிரித்தார்கள். சிவப்பு.

கோகிலா பெருமூச்சு விட்டாள். சிவராசு கன்னத்தில் போட்டுக்கொண்டான். சிந்து அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. ஆத்தாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்னொரு பொட்டலத்தைப் பிரிப்பது வழக்கமில்லை, தண்ணீரில் விடவேண்டும். மடியில் செருகிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மடியில் இல்லை. காரில் எங்காவது விழுந்திருக்கும்.

அக்டோபர் 4, சனி

கிளம்பிவிட்டாள். முறுக்கு ஒரு டப்பா, பருப்புப் பொடி, ஒரு பெரிய பாட்டில் எண்ணெய். காலில் விழுந்து எழுந்தவள் என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"ஆத்தா சொன்னாச் சரிங் அப்பத்தா."

அதை ஏன் அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்?

அக்டோபர் 5, ஞாயிறு

மதிலுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி நிம்மதி என்று எழுதிப் பார்க்கிறேன். வரவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

போன் பேசினாள். பேச்சே மாறிவிட்டது. "ஆமா", "இல்ல", "சரி". ஒரு 'ங்க' இல்லை, ஒரு 'ங்' இல்லை. பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா இது?

"பட்டணத்துக்காரி ஆயிட்டயாக்கு" என்றேன்.

"இங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க, அப்பத்தா. அப்படிப் பேசுனா சிரிப்பாங்க."

"எவ சிரிக்கறா? அவளக் கூப்புடு போனுக்கு."

அவள் சிரிக்கவில்லை. பின்னால் யாரோ ஒரு பெண் அதிகாரமாக அவளைக் கூப்பிட்டாள், பெயர் சொல்லி இல்லை, "ஏய், ஏனுங்" என்று. உடனே போனை வைத்துவிட்டாள்.

 

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

வரவில்லை. வரைந்து கொடுக்க வேண்டியது நிறைய இருக்கிறதாம். அவளுக்கு எடுத்த பாவாடை தாவணி அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

போட்டோவாவது அனுப்பு என்றேன். கோகிலா போனுக்கு வந்தது. பார்த்ததும் எல்லாரும் சிந்து சிந்து என்று கையிலிருந்து கைக்கு மாற்றினார்கள். தீபன் அதைப் பெரிசாக்கிக் காட்டினான். நீலச் சுடிதார், பக்கத்தில் மாமரம், கிளையில் ஒரு காக்கா. ஆகஸ்டில் சேர்த்துவிட்டு வந்தபோது அனுப்பினதிலும் அதே நீலம், அதே காக்கா.

நான் யாரிடமும் சொல்லவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்த பிள்ளைகளை வரிசையாகக் குளிக்க அனுப்பினேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

"எண்ணெய் இன்னும் இருக்குதா அம்மிணி? மில்லுக்காரரு நாளைக்குச் சென்னைக்குப் போறாரு, குடுத்துடறேன்."

"இருக்கு அப்பத்தா. தீரல."

"சளி புடிச்சுதா? தலைக்கு வெக்கலயா?"

"வெக்கறேன். கொஞ்சமாத்தான் ஆகுது."

கொஞ்சமாக ஆகாது. அந்த முடிக்கு ஆகாது. எனக்குத் தெரியாதா? பிறந்த நாளிலிருந்து அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்தது இந்தக் கை.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் வெயில் பளீரென்று அடித்தது. பருப்பைப் பரப்பினோம். பத்து மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வந்து தார்ப்பாயை எடுப்பதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. பாதிக் களம் நனைந்தது. சிவராசு நனைந்துகொண்டே கத்தினான். ஆள்கள் ஓடினார்கள். நான் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, ஆத்தா என்னை மன்னித்துவிடு, என்னோடு நிறுத்திக்கொள், பிள்ளை மேல் காட்டாதே என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோகிலா, "என்னங்கத்தை முணுமுணுங்கறீங்க?" என்றாள்.

"மழையைத் திட்டறேன்" என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று கொஞ்சம் வெயில். மெத்தைகளை வெளியே போட்டோம். சிந்துவின் மெத்தையைத் தூக்கினேன். கட்டில் பலகை மேல் காய்ந்த வாழை இலை. பிரித்திருந்தது. உள்ளே சருகாகிப்போன அரளிப்பூ. காய்ந்தாலும் நிறம் தெரிகிறது. சிவப்பு.

என் மடியில் இருந்து விழுந்ததை அவள்தான் எடுத்திருக்கிறாள். பிரித்துப் பார்த்திருக்கிறாள். ஒன்றில் சிவப்பு வந்தால் மற்றதில் வெள்ளைதானே இருக்க வேண்டும்?

சரி, எழுதிவிடுகிறேன். இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே கட்டினேன். வெள்ளையை வேலியோரம் போட்டு மிதித்துவிட்டேன். ஆத்தாவை வாய் திறக்க விடாமல் நானே பதில் சொன்னேன். பயத்தில் செய்தேன். எவன் பால் கொண்டு வருவானோ, எவன் மாடியில் நிற்பானோ என்கிற பயம்.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் என் காலில் விழுந்தாள். அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என்னை அன்றைக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பான். சொல்லவில்லை. எங்கே போய் இருக்கச் சொன்னேனோ அங்கேயே போனாள்.

அங்கே என்ன இருக்கிறது?

நவம்பர் 17, திங்கள்

இன்று போனில் போட்டோ கேட்கவில்லை. கேட்டால் அதே காக்கா வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

முகம் பார்த்துப் பேசலாம் என்று கோகிலாவை விட்டு வீடியோவில் கூப்பிடச் சொன்னேன். எடுத்தாள். படம் கறுப்பாகவே இருந்தது. கேமரா கெட்டுவிட்டது என்றாள். அப்புறம் நிஷாவின் போனில் கூப்பிடலாமே என்று கோகிலா சொன்னதும் கட் ஆகிவிட்டது.

நிஷா நம்பர் கோகிலாவிடம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நானே பேசினேன்.

"கண்ணு, நான் சிந்துவோட அப்பத்தா பேசறேன். அவ நல்லாருக்காளா?"

அந்தப் பெண் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "பாட்டிம்மா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றாள். "நீங்க ஒரு தடவ வந்துட்டுப் போங்களேன். சொல்லாம வாங்க."

"உசுரோட இருக்காளா?"

"அய்யோ, இருக்கா பாட்டிம்மா! இருக்கா. நீங்க வாங்க."

போனைக் கோகிலாவிடம் நீட்டினேன். என்னவென்று கேட்டாள். கிடைக்கிற முதல் ரெயிலுக்குச் சீட்டுப் போடச் சொல் என்றேன்.

நவம்பர் 25, செவ்வாய்

சென்னையில் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரியை எதற்குப் பையில் வைத்தேன் என்று தெரியவில்லை. இப்போது வைத்தது நல்லதாகப் போயிற்று. எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

காலை ரெயிலில் நானும் சிவராசும் வந்தோம். வழியெல்லாம் அவன், "என்னங்ம்மா திடீர்னு? என்ன சொன்னா அந்தப் புள்ளை?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சேலம் தாண்டும்போது ஆத்தாவுக்கு வேண்டிக்கொண்டேன். என்ன என்று வேண்டுவது? ஆத்தாவையே பேசவிடாமல் செய்தவள் நான்.

ஹாஸ்டல் கேட்டில் காவல்காரர் பெயர் எழுதச் சொன்னார். வார்டன் அம்மா வந்தார். முன்னறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். "நீங்க எதுக்கும் கவலப்படாதீங்க பாட்டி. எங்க கேம்பஸ்ல வெளியாளு ஒருத்தர் உள்ள வர முடியாது" என்றார். நானும் அதையே சொல்லித்தானே பிள்ளையை இங்கே திருப்பி அனுப்பினேன். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

சிந்து வந்தாள். எங்களைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். துப்பட்டாவைத் தலையோடு சுற்றியிருந்தாள், வெயிலுக்குப் போகிறவள் மாதிரி.

"சாமி, இங்க வா" என்றேன்.

வரவில்லை. நானே எழுந்து போனேன். துப்பட்டாவை விலக்கினேன்.

முடி இல்லை. காதுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒழுங்காக வெட்டின முடியாகவும் இல்லை. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, பின்னால் ஓரிடத்தில் தோலோடு ஒட்ட.

சிவராசு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "யாரு? யாருடா பண்ணுனது?" வார்டன் அம்மா, "என்னம்மா இது, நீதான வெட்டிக்கிட்டேன்னு சொன்ன?" என்று அவளைக் கேட்டார்.

சிந்து துப்பட்டாவை மறுபடி தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். நிஷா கதவோரம் வந்து நின்று அழுதுகொண்டே சொன்னாள். மேல்மாடியில் மூன்றாம் வருசத்து அக்காக்கள் சிலர். ஆரம்பத்திலிருந்தே தங்கள் வரைபடங்களை எல்லாம் முதல் வருசத்துப் பெண்களைக் கொண்டு வரைய வைப்பார்களாம். சிந்து கை நன்றாக வரும் என்று அவளுக்குத்தான் அதிகம். அவள் பேச்சைப் பிடித்துக்கொண்டு "ஏனுங், ஏனுங்" என்றே கூப்பிடுவார்களாம். எண்ணெய் நாற்றம் என்று மூக்கைப் பொத்துவார்களாம். வீடு எடுத்துப் போய்விடுகிறோம் என்று சொல்லி ஊருக்கு வந்தவள், முடியாமல் திரும்பிப் போனதும் அவர்களுக்குச் சிரிப்பு. இனி வரைய மாட்டேன் என்று ஒரு நாள் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குத்தான் கத்தரிக்கோல்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லோ கண்ணு" என்றான் சிவராசு. அவன் குரல் உடைந்துவிட்டது.

அப்போதுதான் வாய் திறந்தாள். எத்தனையோ நாள் கழித்து அவள் பேச்சில் அந்த 'ங்க' வந்தது.

"சொன்னா ஊருக்கே கூட்டிட்டுப் போயிருவீங்கப்பா. சுவாதியக்காவக் கூட்டிட்டு வந்தாப்பல."

எனக்கு முதுகில் யாரோ தண்ணீர் ஊற்றின மாதிரி ஆயிற்று. பெங்களூரில் பஸ் நிறுத்தத்தில் ஒருத்தன் பின்னால் வருகிறான் என்று சுவாதி என்னிடம் போனில் சொன்னாள். அந்த வாரமே வேலையை விட வைத்துக் கூட்டிவந்தோம். அவளுக்காகத்தான் செய்தோம் என்று நினைத்தேன். சிந்து அப்போது பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

சிவராசு துண்டால் முகத்தைத் துடைத்தான். "நீ சொன்னது சரிதான். நீ பெட்டியக் கட்டு. போதும் இந்தப் படிப்பு. கோயமுத்தூர்ல பாத்துக்கலாம், தினமும் போயிட்டு வந்தர்லாம். ஆத்தாளே அன்னைக்குச் சொல்லிட்டாளே, வெளிய வேண்டாம்னு."

சிந்து என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, குற்றம் சொல்லவில்லை. கோயிலில் ஆத்தாவைப் பார்த்தாளே, அந்தப் பார்வை. நான் சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவள் சொல்லவே மாட்டாள். பிள்ளை கண் முன்னால் வீட்டில் இருப்பாள், எனக்குப் பயம் தீர்ந்துவிடும். ஒரு நொடி அதையும் நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதிவைக்கிறேன்.

"டேய் சிவராசு" என்றேன். "ஆத்தா ஒண்ணுஞ் சொல்லலடா."

"என்னங்ம்மா?"

"ரெண்டு பொட்டலத்துலயும் நான் செவப்புத்தான் வெச்சுக் கட்டுனேன். எதை எடுத்தாலும் செவப்புத்தான் வந்திருக்கும். இவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் உங்கிட்டச் சொல்லல."

என்னை அவன் பார்த்த பார்வை. அறுபது வயசைத் தாண்டினபிறகு, பெற்ற பிள்ளையிடமே அப்படி ஒரு பார்வை வாங்குவேன் என்று நினைத்ததில்லை. 

"ஆத்தாகிட்டயேங்ம்மா?" என்றான் கடைசியில். அவ்வளவுதான்.

"என்னையத் திட்டறத ஊர்ல போயித் திட்டு. இப்ப அந்த வீட்டப் போயிப் பாக்கலாம் வா."

சிந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் காய்ப்பு என் உள்ளங்கையில் பட்டது.

நவம்பர் 27, வியாழன்

பல்கலைக்கழகத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தோம். விசாரிக்கிறார்களாம். அந்த அக்காக்களில் ஒருத்தியை வழியில் நிஷா காட்டினாள். நெற்றியில் விபூதி, கையில் புத்தகம், யார் வீட்டிலோ செல்லமாக வளர்ந்த பெண். அவள் அப்பத்தாவும் அவள் போட்டோவைச் சுவரில் மாட்டியிருப்பாள். 

வீட்டைப் பார்த்தோம். நிஷாவோடு சேரப்போகிற மூன்றாவது பெண் ஜெனிட்டா தூத்துக்குடிக்காரி, அவளும் வந்தாள். முதல் மாடி. கீழே வீட்டுக்காரம்மா, டெய்லர். நாள் முழுக்க மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. "மெஷின் சத்தம் புள்ளைங்களுக்கு ஆகுமான்னு பாருங்கம்மா" என்றார். சத்தம் வேண்டும் என்றேன். ஆள் இருக்கிற சத்தம்.

பயப்படுவதற்கும் நிறையவே இருந்தது. மாடிப்படி தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. எதிர்வீட்டு மாடியில் ஒருத்தன் நிற்கிறான், மீசையோடு. தூக்கம் வராத அன்றைக்கு நான் நினைப்பில் கண்ட முகமேதான். அவன் கீழே குனிந்து, "ஏம்மா, தண்ணி லாரி வந்துச்சான்னு பாத்தீங்களா?" என்று வீட்டுக்காரம்மாவைக் கேட்டான்.

கதவில் தாழ்ப்பாள் ஆடியது. இழுத்தால் கையோடு வந்துவிடும். ஆசாரியை வரவழைத்து மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒன்று போடச் சொன்னேன்.

ஜெனிட்டா, "பாட்டி, பேங்க் லாக்கர்ல கூட இத்தன இருக்காது" என்றாள். நிஷா சிரித்தாள். சிந்துவும் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு, புதிதாகப் பழகுகிறவள் மாதிரி.

டெய்லரம்மா அவள் தலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்தார். சிந்து பின்னால் ஒதுங்கினாள், முகம் வெளுத்துவிட்டது. அவர் கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் அவளை உட்கார வைத்து, ஒரு பக்கமும் மறு பக்கமும் சமமாக வருகிற வரைக்கும் மெதுவாக வெட்டினேன். இந்தக் கை அந்த முடியை வெட்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். பிறகு அவள் பெட்டியிலிருந்து எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தேன். முக்கால்வாசி அப்படியே இருந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தேன். ஒரு சொட்டே போதுமாக இருந்தது.

டிசம்பர் 3, புதன், கார்த்திகை தீபம்

ஊருக்கு வந்துவிட்டேன். விளக்கு வைத்தோம். சிவராசு இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கோகிலாவைப் பார்த்துத்தான் ரசம் கேட்கிறான். கோகிலா, "வீட்டப் பத்தி ஆத்தாகிட்ட மறுபடியும் ஒருக்காப் பூக் கேட்டர்லாமுங்களா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். இனி என் கையால் பொட்டலம் கட்ட மாட்டேன்.

பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. பொழுதோடே அவள் கதவைச் சாத்தினாளா என்று போன் போட்டுக் கேட்கிறேன். "மூணும் போட்டாச்சுங் அப்பத்தா" என்கிறாள். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக் கேட்கிறேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

சுவாதி பல்லடத்திலிருந்து குழந்தையோடு வந்திருந்தாள். எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ற போட்டோவையும் மாத்தலாமுங் அம்மாயி. ஆபீஸ்ல எடுத்தது ஒண்ணு இருக்குது" என்றாள். மாற்றிவிட்டேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பல் தெரியச் சிரிக்கிறாள். இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தாளோ.

டிசம்பர் 10, புதன்

சிந்துவுக்கு எழுதி அனுப்பினேன். போனில் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன். எழுதினதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

'அம்மிணி சிந்துவுக்கு அப்பத்தா எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். மழை விட்டுப் பருப்பு காய்கிறது. உன் அப்பன் நேற்று என்னிடமே ரசம் கேட்டான். நீ உனக்கு வேண்டியதை மட்டும் வரை. எதுவானாலும் என்னிடம் சொல். கூட்டிக்கொண்டு வரமாட்டேன், நானே கிளம்பி வந்து உன்னோடு இருப்பேன். சுவரில் உன் இடத்தை வெறுமையாக வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சடைப் போட்டோவை இறக்கிவிட்டேன். புதுசாக ஒன்று எடுத்துக் கழுவித் தபாலில் அனுப்பு. முடி எப்படி இருக்கிறதோ அப்படியே எடு, துப்பட்டா போட்டு மறைக்காதே. அந்த வீட்டு வாசலில் நின்று எடு. கதவும் மூன்று தாழ்ப்பாளும் தெரியும்படி நில்.'